எச் டிரைவுக்குப் போன லாரிகள்

செப். 9, செவ்வாய்

வெயில். மின்விசிறியை சிபியு பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். எனக்கு வேர்வை.

புது கேம் 130 ஜிபி கேட்கிறது. எஸ்எஸ்டியில் மிச்சம் 41. யாரையாவது வெளியேற்ற வேண்டும்.

எஸ்எஸ்டி: வேகமான டிஸ்க். நான் தினமும் ஆடுபவை.
டி: எப்போதாவது ஆடுபவை. நிரம்பிவிட்டது.
எச்: வெளியே தொங்கும் பழைய டிஸ்க். டிக் டிக் சத்தம். சாகப்போகிறது. போனால் போகட்டும் என்பவை மட்டும்.

எஸ்எஸ்டியில் வேண்டாதது ஒன்றுதான். அத்தானின் லாரி கேம். கூடுதல் ரோடு, வண்டி எல்லாம் சேர்த்து 90 ஜிபி.

அக்கா புருஷன். ஆனைக்குட்டம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் லோடு வண்டி ஓட்டினார். போன வருடம் குடோனில் தீ. வலது கையில் மிச்சம் கட்டைவிரல். நான் சிவகாசி பிரஸ்ஸுக்குக் கிளம்பியதும் என் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் லாரி ஓட்டுகிறார். சாயங்காலம் எனக்கு ரிப்போர்ட்.

“மாப்ளே, இன்னிக்கு ஒரு வண்டி எடுத்தாச்சு. மொத்தம் பதினோரு வண்டி. நாம இப்ப ஓனருலே.”

இல்லாத லாரிக்கு ஓனர். கேமை எச்-க்குத் தள்ளினேன். ஷார்ட்கட் அதே இடத்தில். அவருக்குத் தெரியாது.

செப். 10, புதன்

“ஏன் மாப்ளே, வண்டி கிளம்பவே இம்புட்டு நேரம்? பெட்டி வேற டிக்கு டிக்குங்குது.”

“வயசான வண்டி அத்தான். பழகிக்கோங்க.”

சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. புது கேம் சுமார்தான்.

செப். 12, வெள்ளி

பிரஸ்ஸில் சீசன் ஆர்டர். லேபிளில் சிவப்பு போதாது என்று மூன்றாம் முறை திருத்தம். வீட்டுக்கு வந்தால் அறையில் சாக்கு நாற்றம். எச் டிஸ்க் மேல் சொட்டச் சொட்ட ஈரச் சாக்கு.

அக்கா: “சத்தம் கூடிச்சாம்லே. தொட்டா சுட்டுதாம். பயந்துபோயி சாக்க நனைச்சுப் போட்டுட்டாக.”

பட்டாசுக் கம்பெனிப் பழக்கம். எது சூடேறினாலும் முதலில் ஈரச் சாக்கு, பிறகுதான் கேள்வி.

அத்தான் கதவோரம். “கரண்ட நிறுத்திட்டுத்தான் போட்டேன் மாப்ளே.”

“எரியாத தீய அணைச்சது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் அத்தான். உங்க லாரி அம்புட்டும் அதுலதான் இருந்துச்சு.”

“பதினோரு வண்டியுமா?”

“பதினோரு வண்டியும்.”

சாக்கு போடாவிட்டாலும் அந்த டிஸ்க் ஒரு வாரம் தாண்டியிருக்காது. அதை நான் சொல்லவில்லை.

செப். 13, சனி

தூறல். மவுஸ் பேட் இன்னும் காயவில்லை.

அத்தான் என் அறைப் பக்கம் வரவில்லை. நாள் முழுக்க வாசல் படியில். இரவு எண்ணெய் பரோட்டா. அவர் சாப்பிடவில்லை. அவர் பங்கும் எனக்கு.

செப். 14, ஞாயிறு

அக்கா துணி மடித்துக்கொண்டே: “நாளையிலேருந்து அதே கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போறாகளாம். ஓனர் எத்தன தடவ ஆளு விட்டாரு. அந்த கேட்டத் தாண்ட மாட்டேன்னு கெடந்த மனுசன். இங்கன உக்காந்து லாரியாச்சும் ஓட்டிக்கிட்டு இருந்தாக.”

“நல்லதுதானக்கா.”

“நல்லதாலே? காக்கிச் சட்டையப் போட்டுப் பாத்த வேகத்துல கழட்டிக் கொடியில போட்டுட்டாக.”

அத்தான் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: “பகல்ல ரூமப் பூட்டிக்கோ மாப்ளே.”

மதியம் எஸ்எஸ்டியைத் துப்புரவு செய்தேன். டாக்குமெண்ட்ஸுக்குள் லாரி கேமின் சேவ் ஃபோல்டர். கேம்தான் எச்-க்குப் போனது. ஆடிய கணக்கு இங்கேயே இருந்திருக்கிறது. பதினோரு வண்டியும் பத்திரம். கேமை மறுபடி இறக்கினால் நாளைக் காலை அவர் ஓட்டலாம்.

வெறும் 70 எம்பி. இடத்தை அடைக்கவே அடைக்காது.

அழித்துவிட்டேன். இருந்தால் என்றைக்காவது சொல்லத் தோன்றும்.