கத்தியைச் சுற்றிய துணி

நவ. 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். தொல்பொருள் ஆய்வறை முழுக்க ஈரம். இரும்புக்கு இதைவிடக் கேடு கிடையாது. ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் இயக்குநர் அறையில், அவர் சோபாவில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க. (இனி 'இ.' மட்டும். முழுச் சொல்லுக்கு மை செலவழிக்க மனமில்லை.)

கங்காதர நெல்லூர்ப் பக்கம் கல்வட்டப் புதைகுழியில் கிடைத்த குத்துவாள். பார்வைக்குச் சேற்றில் புரட்டிய கிழங்கு. இன்று நுண்ணோக்கியில் வைத்து ஊசியால் மண்ணை விலக்கினேன். துருவின் மேல் நெசவு. குறுக்கு நூல், நெடுக்கு நூல். யாரோ துணியில் சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். துணி மக்கிவிட்டது, ஆனால் அதற்குள் துரு அதன் உருவத்தை வாங்கிக்கொண்டது. ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். மூச்சு விடவே பயம்.

ஓடிப்போய் இ.யிடம் சொன்னேன். என் புத்தி.

"துருவுல என்னம்மா டிசைனு? அடுத்த வாரம் சித்தூர்ல எக்சிபிஷன். மந்திரிகாரு வராரு. அவரு துருவ பாக்கவா வராரு? தேச்சி பளபளன்னு குடு, அந்தே, அவ்ளோதான்."

முனைவர் பட்டம் வாங்கியவர். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

நவ. 12, புதன்

மறுபடி கேட்டார். மறுபடி மறுத்தேன், சுத்தம் செய்யவே இரண்டு மாதம் வேண்டும் என்று. "உன்னால முடியலன்னா கிரைண்டிங் கடைல குடுத்துக்கறேன். ரெண்டு நிமிஷ வேலை."

வாங்க: பஞ்சு, காய்ச்சி வடித்த நீர், சிலிக்கா ஜெல், பல்வலி மாத்திரை.

சோதனைக் கத்திக்கு இரண்டாவது பூச்சு. காயலான் கடையில் வாங்கிய கசாப்புக் கத்தி. எந்த மருந்தையும் அதில் பூசிப் பார்த்த பிறகுதான் அசலைத் தொடுவது. காயட்டும் என்று மேஜை மேலேயே விட்டுவிட்டேன்.

நவ. 14, வெள்ளி

குத்துவாளைப் பஞ்சில் பொதிந்து, டிபன் டப்பாவில் வைத்து, சித்தூருக்குப் பேருந்து. அனுமதி கேட்கவில்லை. கேட்டால் கிடைத்திருக்காது. பேருந்தில் பாதிப் பேர் மொட்டை, சந்தன வாசனை.

அறைத்தோழியின் அக்கா நடத்தும் ஸ்கேன் சென்டர். முன்மேஜையில் இருந்த பெண் டப்பாவைப் பார்க்காமலே, "பேஷன்ட் பேரு? வயசு?"

"பேரு தெரியாதும்மா. வயசு ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கும்."

தலையை நிமிர்த்தாமல், "ஆதார் எத்தாந்தீங்களா?"

எக்ஸ்ரே வந்தது. உள்ளே உலோகமே இல்லை என்று சொல்லலாம். நடுவில் மட்டும் மெல்லிய கீற்று. வாள் முழுக்கத் துருதான். கிரைண்டரில் வைத்தால் பொடி. வாளும் போகும், துணியும் போகும். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் மேஜை காலி. அலுவலக உதவியாளர் குமார், சாந்திபுரத்துக்காரர், வாசலில் கையைப் பிசைந்தபடி நின்றார்.

"சார்தான் மேடம். மேஜ மேல இருக்கிற கத்திய எத்துக்கினு போயி கிரைண்டிங் போட்டுக்கினு வான்னாரு. நான் இன்னா பண்றது?"

அசல் என் பையில், டிபன் டப்பாவில். இ. அனுப்பியது கசாப்புக் கத்தியை.

"பரவால்ல குமார்" என்றேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

நவ. 17, திங்கள்

இ. அறைக்கு அழைப்பு. சிவப்பு வெல்வெட்டில் பளபளக்கும் கசாப்புக் கத்தி.

"பாத்தியா? இதுக்குப் போயி ரெண்டு மாசம் கேட்டியே."

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்து கிரைண்டருக்குப் போவது அசல். "நல்லா இருக்கு சார்" என்றேன். இருபது வருடம் அகழாய்வுத் துறையில் இருந்த மனிதர். தன் வீட்டுக்குக் கறி வெட்டும் கத்தியை அடையாளம் தெரியவில்லை.

குத்துவாள் என் அலமாரியில், காற்றுப் புகாத பெட்டியில். சாவி என் கழுத்துச் சங்கிலியில்.

நவ. 20, வியாழன்

சித்தூர். பந்தல், மாலை, நாதஸ்வரம். மந்திரி கத்தியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். கைதட்டல். நானும் தட்டினேன், என்ன செய்ய.

பக்கத்தில் வந்த ஒரு நிருபர் குனிந்து பார்த்தார். "சார், பிடிகிட்ட எட்டுன்னு நம்பர் அடிச்சிருக்கே?"

தேய்த்ததில் கம்பெனி முத்திரை வெளியே வந்திருக்கிறது. இ. கண் இமைக்கவில்லை.

"அதி நம்பர் காதண்டி, நம்பர் இல்ல. பழைய காலத்து எழுத்து. ஆராய்ச்சி நடந்துகினு இருக்கு."

நிருபர் அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது காரில் இ. மெதுவாக, "அசலு எங்கம்மா?"

"பத்திரமா இருக்கு சார்."

"அங்கயே இருக்கட்டும். வெளில எடுக்காத. எப்பவும்."

இவ்வளவு நாள் முட்டாள் என்று நினைத்தேன். முட்டாள் இல்லை. அதைவிடக் கேவலம்.

நவ. 21, வெள்ளி

தெலுங்குப் பத்திரிகையில் படம். 'எழுத்து பொறித்த பழங்கால வாள்.' ஒருவரும் சந்தேகப்படவில்லை. நாளை பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுவார்கள்.

எக்ஸ்ரே, நெசவுப் படங்கள், கடையில் கத்தி வாங்கிய விவரம் எல்லாவற்றையும் அகழாய்வை நடத்திய சரளா மேடத்துக்கு அனுப்பிவிட்டேன். என்னுடையது ஒப்பந்த வேலை. போனால் போகட்டும்.

நவ. 25, செவ்வாய்

சரளா மேடம் நேரில் வந்தார். முதலில் சித்தூரில் இறங்கி, கண்காட்சியில் வெல்வெட்டைக் காலி செய்துவிட்டு, பிறகு இங்கே. இ.க்கு நெஞ்சுவலி, விடுப்பு.

நுண்ணோக்கியில் வைத்த கண்ணை மேடம் வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு, "முடிச்சு கூடத் தெரியுதும்மா" என்றார். முடிச்சை நான் பார்த்திருக்கவே இல்லை. இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். சின்ன முடிச்சு, இடது ஓரத்தில். அவிழ்ந்துவிடாமல் ஒரு கை இறுக்கியிருக்கிறது.

நவ. 26, புதன்

காலையிலேயே இ.யிடமிருந்து போன். நெஞ்சுவலி போன இடம் தெரியவில்லை. முதல்முறையாக மரியாதை.

"மேடம், அந்தத் துணி மேட்டரு பெரிய டிஸ்கவரி அண்டி. நாம ஜாயின்ட்டா ஒரு பேப்பர் போட்டுடலாம். என் பேரு முதல்ல இருக்கட்டும், சீனியாரிட்டி பாருங்க."

போனை வைத்தேன். திரும்ப அடிக்கிறது. அடிக்கட்டும்.