பொட்டில்லாத போட்டோ

மரக்காணம்

பாப்பாவோட அப்பாவுக்கு,

நீங்க வேலை பார்த்த கப்பலை வேற நாட்டு நேவி சுட்டு ரெண்டு வருஷம் ஆவுது. உங்க உடம்பு கிடைக்கல. கிடைக்காத வரைக்கும் உசுரோட இருக்கீங்கன்னுதான் நான் பொட்டை எடுக்காம இருந்தேன்.

டெல்லியிலேர்ந்து ரெண்டு கவர்மெண்டு சாருங்க உப்பளத்துக்கே வந்தாங்க. உலகக் கோர்ட்டுல அந்த நாட்டைத் தலைகுனிய வைக்கணுமாம். "காணோம்னு சொன்னா கேஸ் நிக்காதும்மா. செத்துட்டார்னு எழுதிக் குடுங்க. பொட்டில்லாம ஒரு போட்டோவும் வேணும்"னாங்க. உங்களுக்கு நியாயம் கிடைக்கும்னு கையெழுத்துப் போட்டேன். பொட்டை முந்தானையால நானேதான் அழிச்சேன்.

அன்னையிலேர்ந்து உப்பு வாரும்போது என் நிழலுக்குப் பக்கத்துல இன்னொரு நிழல் விழுது. திரும்பிப் பார்க்க தைரியம் வரல.

நேத்து டிவியில ரெண்டு நாட்டு மந்திரிங்களும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம கவர்மெண்டு கேஸை வாபஸ் வாங்கிடுச்சாம். என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த சாருங்க போனையும் எடுக்கல.

இன்னைக்கு பொட்டு வச்சுக்கிட்டு வேலைக்குப் போனேன். கூட உப்பு வாருற பாப்பாத்தி அக்கா என் முகத்தைப் பார்க்காமலே, "எதுக்குடி இது?"ன்னாங்க.

வந்துடுங்க. புருஷன் உசுரோட இருக்கும்போதே செத்துட்டான்னு எழுதிக் குடுத்தவள்னு ஊரே என்னைக் காறித் துப்பட்டும்.

இப்படிக்கு,
பாப்பாவோட அம்மா