மேக்பை தேடிய கனம்

தண்டர் க்ரீக், வயோமிங்
செப்டம்பர் கடைசி ஞாயிறு

அன்புள்ள டெலா கண்ணு,

இங்கே நானும் நாய் பிக்கெட்டும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போலக் கேட்க இந்த முறை கை வரவில்லை, நன்றாக இருக்கிறேன் என்று நீ எழுதினால் நான் நம்பப் போவதில்லை. மேட்டு நிலத்தில் முதல் பனி விழுந்துவிட்டது, பக்கத்துப் பண்ணை வெர்ல் தன் மாடுகளை மலையிலிருந்து இறக்கிவிட்டார், கிணற்றுக் குழாய் உறையாமல் இருக்க நானே சாக்கு சுற்றினேன், போன வருடம்வரை அது உன் அப்பாவின் வேலை. அவர் கண்ணை மூடி, வருகிற மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது. அவருடைய தொப்பி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது, எடுக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை போனில் நம் குதிரை மேக்பை போய்விட்டாள் என்று சொன்னபோது நீ அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாய், "நான் இன்னும் எவ்வளவு குறைச்சிருக்கணும்மா?" என்று, நான் வாய் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எனக்குப் பேச்சு சட்டென்று வராது, உனக்குத் தெரியும், லோர்னாவிடம் ஒரு விஷயம் கேட்டால் அவள் நாலு புத்தகம் படித்துவிட்டுத்தான் பதில் சொல்லுவாள் என்று அப்பா ஊரெல்லாம் கேலி செய்வார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன், பாதியில் மடித்து வைத்துவிடாதே.

முதலில் அவள் எப்படிப் போனாள் என்று சொல்லிவிடுகிறேன், நீ மனத்துக்குள் வேறு ஏதாவது கற்பனை செய்துகொண்டிருப்பாய். ஜூன் மாதம் திருவிழாக் களத்தில், பீப்பாய்களைச் சுற்றி ஓடும் பந்தயத்தில், உன்னோடு விழுந்து அடிபட்டது இடது முன்னங்கால், அது ஆறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் கோடை முழுக்க அந்தக் காலை ஊன்றாமல் வலது காலிலேயே உடம்பு மொத்தத்தையும் தாங்கி நின்றாள், அதனால் வலது குளம்புக்குள்ளே எலும்பு பிடிவிட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. கால்நடை டாக்டர் ஓனா பெக் வந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அடிபட்ட கால் தேறிடுச்சு லோர்னா, தாங்கின கால்தான் போச்சு" என்றாள். அதற்கு மேல் மேக்பையை நிற்க வைப்பது பாவம் என்று எனக்கே தெரிந்தது. வலியில்லாமல் போய்ச்சேர ஊசி போடும்போது தலைக்கயிற்றை நான்தான் பிடித்திருந்தேன், கடைசிவரை என் சட்டைப் பையில் சர்க்கரைக் கட்டி தேடினாள், இருந்தது, கொடுத்தேன். வெர்ல் தன் மண்வாரி வண்டியைக் கொண்டுவந்து குழி தோண்டினார், தொப்பியைக் கழற்றி நின்றார். அவர் முன்னால் நான் அழவில்லை, போன பிறகு அழுதேன்.

இனி உன் கேள்வி. நீ ஜூனில் வந்து வண்டியிலிருந்து இறங்கியபோது உன் கால்சராய் இடுப்பில் நிற்காமல் அப்பாவின் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கட்டியிருந்தாய். என்னடி இது என்றதற்கு, அரிசோனாவில் உன் பயிற்சிக்காரர் சொல்லித் தந்த பாடத்தை எனக்கு ஒப்பித்தாய், "ஓடுறது குதிரைம்மா, நாம அதுக்குச் சுமையா இருக்கக் கூடாது, எவ்வளவு குறையுறோமோ அவ்வளவு வேகம்" என்று. நேராக ஓடுகிற இடத்தில் அது உண்மைதான், நான் மறுக்கவில்லை. மூன்றாவது பீப்பாயைச் சுற்றிவிட்டு வாசலைப் பார்த்து ஓடிவரும்போது முதுகில் இருக்கிற ஒவ்வொரு பவுண்டையும் குதிரைதான் இழுத்து வர வேண்டும். ஆனால் நம்முடையது நேர் ஓட்டம் இல்லையே, மூன்று பீப்பாய், மூன்று திருப்பம். பந்தயக் குதிரைகளைப் பற்றி நூலகத்தில் எடுத்துப் படித்தேன், அங்கே ஆளைத் தராசில் ஏற்றி, குறித்த எடை வராவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு செருகி ஓடவிடுகிறார்கள். நம் களத்தில் எந்த வாசலிலும் ஒரு பெண்ணைத் தராசில் ஏற்றினதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தராசை நீயாகத்தான் கொண்டுவந்து உன் காலடியில் போட்டுக்கொண்டாய், அதுவும் தீனிமூட்டை நிறுக்கிற தராசை.

மேக்பையைப் பழக்கியது யார் என்பதை நீ மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். அப்பா எந்தக் குதிரையையும் நிறுத்த வாயால் சொன்னதில்லை, கடிவாள வாரையும் இழுத்ததில்லை. பீப்பாய் நெருங்கும்போது மூச்சை விட்டுச் சேணத்தில் அழுந்த உட்காருவார், அவ்வளவுதான், குதிரை பின்காலைக் கூட்டிக்கொண்டு திரும்பும். வெர்ல் வேலிமேல் உட்கார்ந்து, "ஹாலிஸ் உக்காந்தா குதிரை மட்டுமாய்யா நிக்கும், அந்தப் பக்கம் போற சரக்கு ரயிலே நின்னுடும்" என்பார். அதற்கு அப்பா, "நீ ஏறினா ஈ உக்காந்ததுன்னு நினைச்சு வாலால அடிச்சுத் தள்ளிடும், இறங்கி வேலையப் பாரு" என்பார். அந்த உட்காருகிற கனம்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி. அப்பா அளவு நீ இல்லை, ஆனாலும் இடுப்பையும் தொடையையும் இறக்கி அவரைப்போலவே உட்காரக் கற்றிருந்தாய், அதை அவள் புரிந்துகொண்டாள், அதனால்தான் நீங்கள் இரண்டு பேரும் அப்படி ஓடினீர்கள்.

அந்த ஜூன் ஓட்டத்தில் நான் வாசல் பக்கம் நின்றிருந்தேன். முதல் பீப்பாயைப் பழக்கத்திலேயே சுற்றிவிட்டாள். இரண்டாவதற்குப் போகும்போது நீ சேணத்தில் இல்லை, அங்கவடியில் கால் ஊன்றி எழும்பி அவள் கழுத்துக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தாய், முதுகுக்குச் சுமை தெரியக் கூடாது என்று. அவள் காதுகள் இரண்டும் பின்னால் உன் பக்கம் திரும்பின. கோபத்தில் காதை மடக்குவது வேறு, இது வேறு, நீ சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். நீ உட்காரவில்லை, உட்காரத் தொடையில் பலமும் இருந்திருக்காது, காலையிலிருந்து நீ குடித்தது வெறும் காப்பி. அதனால் அவள் இன்னும் ஓட வேண்டும் என்று எண்ணி ஓடினாள். பீப்பாயைத் தாண்டிய பிறகு நீ வாரை இழுத்தாய், அந்த வேகத்தில் திரும்ப முயன்றாள், கால் வழுக்கியது. உன்மேல் உருளாமல் ஒருபக்கமாகச் சாய்ந்தாளே, அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இது என் ஊகம் என்று நீ சொல்லலாம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆகஸ்ட் கடைசியில், குளம்பு கெடுவதற்குக் கொஞ்சம் முன்னால், டாக்டர் சொன்னபடி அவளைக் கையில் பிடித்து மெல்ல நடத்திக்கொண்டிருந்தேன். நம் களத்துப் பீப்பாய் பக்கம் வந்தபோது எனக்கு அலுப்பாக இருந்தது, அவள் முதுகில் கையைப் போட்டு உடம்பின் பாரத்தை அப்படியே சாய்த்து ஒரு பெருமூச்சு விட்டேன். டெலா, நொண்டிக்கொண்டிருந்த அந்தக் குதிரை நின்று, பின்காலை ஒடுக்கி, இடது பக்கம் பீப்பாயைச் சுற்றித் திரும்பினாள், நான் விழப் பார்த்தேன். சுற்றி முடித்துவிட்டுக் காதை என் பக்கம் திருப்பி, சரியாகச் செய்தேனா என்பதுபோல நின்றாள். அவள் தேறி ஓடட்டும், நீ வரும்போது உன் கண்ணாலேயே பார்த்துக்கொள்வாய் என்று உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், அதற்கு அவளுக்குக் காலம் இல்லாமல் போயிற்று.

ஆகவே நீ எவ்வளவு குறைத்திருக்க வேண்டும் என்றால், ஒன்றும் குறைத்திருக்கக் கூடாது கண்ணு. இதை எழுதினால் உனக்கு இன்னொரு விதமாக வலிக்கும் என்று தெரியும், "நான் கனமாக இருந்ததால் இல்லை, லேசாகிப் போனதால்தானா" என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாய். அழு, அது நியாயமான அழுகை, அழுதால் ஒருநாள் ஆறும். நீ இப்போது நம்புகிற பொய் ஆறாது, அது உன்னைத் தின்றுகொண்டே இருக்கும். உன்னோடு தங்கியிருக்கிற யோலண்டா வெள்ளிக்கிழமை கூப்பிட்டாள், நீ லாயத்தில் மயங்கி விழுந்ததை அவள்தான் சொன்னாள். "காலையில ஒரு முட்டையோட வெள்ளைக்கரு ஆன்ட்டி, அதோட சரி. எல்லாக் குதிரைக்கும் ஓட்ஸ் அளந்து வைக்கிறா, நீ என்னடி தின்னன்னு கேட்டா கடிக்க வரா" என்று சொல்லி அழுதாள் அந்தப் பெண். அவள்மேல் கோபப்படாதே. பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றேன், கடைத்தெருவில் நம்மை அக்கா தங்கை என்பார்கள், அப்பாவையும் கொடுத்துவிட்டு இப்போது மேக்பையையும் கொடுத்துவிட்டு நிற்கிறேன், இன்னொரு குழி தோண்ட வெர்லைக் கூப்பிட என்னால் ஆகாது.

அடுத்த வாரம் வெர்ல் குதிரைச் சந்தைக்கு உங்கள் பக்கம் வருகிறார், திரும்பும்போது வண்டியில் அவர் பக்கத்து இருக்கை காலி. பயிற்சிக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசிக்காதே, அம்மா வரச் சொன்னாள் என்று மட்டும் சொல். வழியில் உனக்குச் சாப்பாடு வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன், "அவ சாப்பிடலேன்னா என் பாட்டைக் கேக்கணும்னு சொல்லிடு" என்கிறார், அதனால் பயந்தாவது சாப்பிடுவாய். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குச் செய்கிறதுபோலவே மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் செய்து வைப்பேன். மேக்பையின் வாலிலிருந்து முடி வெட்டிக் கழுவி, சிவப்பு நூலில் கட்டி வைத்திருக்கிறேன். அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன், வெர்லிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். அப்பாவின் சேணத்தில் உட்கார்ந்துதான் அதை நீ பின்ன வேண்டும், எண்ணெய் போட்டுத் துடைத்து, சேணம் மாட்டி வைக்கிற மரக்குதிரையில் ஏற்றி வைத்திருக்கிறேன். எழும்பி நிற்காமல் அதில் நன்றாக அழுந்த உட்கார்.

கடவுள் உன் உடம்பில் சதையும் மனதில் தெம்பும் தரட்டும். இதைப் படித்து முடித்ததும் யோலண்டா எதைத் தட்டில் வைத்தாலும் மறுக்காமல் சாப்பிடு, பிறகு எனக்குப் போன் செய், பேச வேண்டாம், நான் எடுத்ததும் மூச்சுவிட்டால் போதும்.

வாசலைப் பார்த்திருக்கும்
உன் அம்மா,
லோர்னா