சினை கண்ட நாள்

கெண்டைக்கு நாள் குறித்த செல்லத்தாய் அக்காவுக்கு,

நீங்கள் காலமான பிறகு நம் கண்மாயின் மீன்பிடி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முதல் கூட்டம் சென்ற வெள்ளிக்கிழமை நடந்தது. ஏழாவது ஷரத்தை எடுத்துவிடலாம் என்று புதிய அதிகாரி சொன்னார். மரியாதையாகவே சொன்னார்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சில விவரங்களைப் பதிவு செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உத்தமபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை கரையோரக் குடும்பங்களுக்கு, மேற்பார்வை அரசுக்கு. மீன் சினைப்பட்டு, புதுத்தண்ணீரை எதிர்த்து வரத்துக்கால்வாயில் ஏறும் நாட்களில் வலை போடக் கூடாது என்பதை இரு தரப்பும் ஏற்றிருந்தன. அந்த நாட்கள் எப்போது தொடங்குகின்றன என்பதே தகராறு. அரசு ஆண்டுதோறும் ஒரே தேதியைக் குறித்தது. மேகமலையில் பெய்யும் மழை அந்தத் தேதிக்குக் கட்டுப்படவில்லை. தடை நீங்கிய பிறகு சினைமீன் வலை வலையாக விழுந்தது. அடுத்த ஆண்டு கண்மாயில் மீன் இல்லை. பாதிக் குடும்பங்கள் கம்பத்தில் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போயின.

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்த அந்த முதல் பேச்சுவார்த்தையில் நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

"தேதி இல்லாம உத்தரவு போட முடியாதும்மா" என்றார் அன்றைய அதிகாரி.

"மீனுக்குக் காலண்டர் யாருய்யா வாங்கிக் குடுத்தாக?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு, "உங்களுக்கு மட்டும் நாள் எப்படித் தெரியும்?" என்று உண்மையாகவே கேட்டார்.

"நீங்க மீனைத் தராசுல வச்சுப் பாக்குறீக. நாங்க வயித்தைக் கீறிப் பாக்குறோம். வலை போடுற ஆம்பளைகளுக்கே தெரியாது சார். அருவாமனைக்கு முன்னால உக்காந்திருக்கிறவளுக்குத்தான் மொதச் சினை தெரியும்."

அந்த ஒரு வாக்கியத்தைச் சட்டத்தின் மொழியில் எழுத, கரைக் குடும்பங்களின் வக்கீலான எனக்கு நான்கு நாட்கள் ஆயின. அதிலும் தவறு செய்தேன். சந்தேகத்துக்கு இடமிருக்கக் கூடாது என்ற தொழில் பயத்தில், "செல்லத்தாய் என்பவர் சினை கண்டு சொல்லும் நாள் முதல்" என்று உங்கள் பெயரையே எழுதினேன். வாசித்துக் காட்டினேன். நீங்கள் மகிழ்வீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் தம்பி, நான் போய்ச் சேந்துட்டா கெண்டை சினை பிடிக்காதாக்கும்? எம்பேரை அடிங்க."

"ஆள் யாரென்று சொல்லாவிட்டால் ஷரத்து நிற்காது அக்கா."

"நாங்க எத்தனை பேரு அங்கன உக்காந்தே கெடக்கோம். அது நிக்காம எங்கிட்டுப் போயிரும்?"

உங்கள் பெயரை அடித்துவிட்டு, "கண்மாய்க்கரையில் மீன் அறுக்கும் பெண்கள் சினை கண்டு, துறை அலுவலர் உடனிருந்து பார்த்து, இரு தரப்பும் கையொப்பமிடும் நாள் முதல்" என்று திருத்தினேன். அதுவே ஏழாவது ஷரத்து; என் தொழில் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சரியான வாக்கியமும் அதுதான். பல ஆண்டுகளாக அந்த நாளை அரசு தனியாகக் குறித்ததில்லை. கரையும் தனியாகக் குறித்ததில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். "அந்த அம்மா இருந்தவரைக்கும் சரி. இனிமே தேதியே வச்சுக்கலாமே" என்றார் புதியவர். நான் கோப்பைப் பிரித்து ஏழாவது ஷரத்தை மெதுவாக வாசித்தேன். அதில் உங்கள் பெயர் எங்கும் இல்லை. நான் முடிப்பதற்குள், இப்போது கரையில் மீன் அறுக்கும் உங்கள் மகள் முத்துமாரி எழுந்துவிட்டாள். காலையில் கிடைத்த கெண்டையை வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள். மேசைமீது பிரித்து வைத்தாள்.

"எங்காத்தா செத்துப்போச்சு சார். மீனு சாகல. வந்து பாருங்க."

கீறிய வயிற்றில் மஞ்சளாகச் சினை. அதிகாரி நெடுநேரம் குனிந்து பார்த்தார். கோப்பை வாங்கி அந்த ஷரத்தை இரண்டு முறை படித்தார். "இதை எழுதினவர் கெட்டிக்காரர்" என்றார்.

"எழுதியவன் நான்தான். கெட்டிக்காரர் வேறொருவர்" என்றேன்.

முத்துமாரியும் அதிகாரியும் கையொப்பமிட்டார்கள். அன்றே வலைகள் கரையேறின.

இன்னொரு செய்தி. மதுரையில் ஒரு சட்ட இதழில் படித்தேன். கனடா நாட்டின் வடகோடியில், கடலே உறைந்து கிடக்கும் ஊர்களில், இன்யூட் என்றொரு மக்கள் இருக்கிறார்கள். திமிங்கிலமும் கடல்நாயும் அவர்களுடைய உணவு. எவ்வளவு பிடிப்பது, எதை விட்டுவைப்பது என்பதை அவர்களும் அரசும் ஒரே குழுவில் அமர்ந்து முடிவு செய்ய இப்போது ஒப்பந்தம் செய்துகொள்கிறார்களாம். வேட்டைக்காரர்கள் கண்டறிந்ததையும் விஞ்ஞானிகள் கண்டறிந்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டுமாம். நம் கண்மாயை அவர்களுடைய கடலோடு ஒப்பிடுவது முறையல்ல என்பதை அறிவேன். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் படித்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அங்கேயும் திமிங்கிலத்தின் வயிற்றைக் கீறுபவள் ஒருத்தி இருப்பாளா அக்கா? அவளிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

நிறைவேற்ற முடியாத வாக்கை நான் எழுத்தில் கொடுப்பதில்லை, உங்களுக்குத் தெரியும். இதைக் கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கும் ஒப்பந்தம் முழுவதையும் தமிழில் எழுதி, கரையில் இருக்கும் பெண்களோடு அமர்ந்து, வரிக்கு வரி விளக்கிச் சொல்வேன். அடுத்த முறை ஏழாவது ஷரத்தை முத்துமாரியே வாசிப்பாள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீங்கள் "தம்பி" என்று அழைத்ததால் தம்பியானவன்,
வக்கீல் ராமசுப்பு
உத்தமபாளையம்