புதன்கிழமை பெஞ்சு

பிப்ரவரி 3, திங்கள்

அடுத்த வாரத்திலிருந்து லேபில் காலை ஷிப்ட் கிடையாதாம். எல்லோரும் தாமதமாக வந்து இரவு எட்டு மணிக்குப் போனால் போதும் என்றார் முதலாளி, ஏதோ சலுகை கொடுப்பவர்போல. பல் டாக்டர்கள் மாலையில்தான் அளவு எடுத்து அனுப்புகிறார்கள், அன்றைக்கே மெழுகில் பல் அடுக்கிக் கொடுத்தால்தான் தொழில் நிற்கும் என்று விளக்கம் வேறு. ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறவன் நான். அவர் முன்னால் என் வாய் மட்டும் திறக்கவே இல்லை.

என் மகள் வாண்டின் நர்சரி மூன்றரைக்கு விடுகிறது. அதற்கப்புறம் நான் வரும்வரை அவள் எங்கே இருப்பாள்? நாலரை வயது. கதவைத் திறக்கத் தெரியும், பூட்டத் தெரியாது.

மனைவியிடம் போனில் சொன்னேன். வெளிநாட்டில், யாரையோ பெற்ற முதியவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை அவளுக்கு. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. “சாயங்காலத்துக்கு ஒரு ஆள் பாருங்க. சரிப்படலன்னா அக்கா கூட்டிட்டுப் போறேங்கறா” என்றாள். அவளுடைய அக்கா இருப்பது ஒரு இரவுப் பயண தூரத்தில். வாண்டு அங்கே போனால், மாதத்துக்கு ஒருமுறை விருந்தாளிபோலப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

“என்னால முடியும்” என்றேன். அவள் விமானம் ஏறிய அன்றும் இதையேதான் சொன்னேன்.

பிப்ரவரி 5, புதன்

வார விடுமுறை. வேலைக்கு ஆள் பார்த்தேன். இல்லை — அவர்கள்தான் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதலில் வந்தவர் வாசலிலேயே, “வீட்டம்மா எங்க?” என்றார். வெளிநாட்டில் என்றேன். “எப்ப வருவாங்க?” அடுத்த வருடம் என்றேன். கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டார். இரண்டாவது வந்தவர் உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, சுவரில் இருந்த குடும்பப் படத்தையும் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். தண்ணீருக்கு மட்டும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது ஒரு கல்லூரிப் பெண். அவள் அம்மா கூடவே வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதோடு சரி.

நான் என்ன புலியா, கரடியா? அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. இதே நிலைமையில் என் தங்கையை ஒரு வீட்டுக்கு அனுப்புவேனா?

பிப்ரவரி 6, வியாழன்

யாரும் வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒருவர் கிடைத்துவிட்டார். மளிகைக்கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருக்கலாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எல்லாம் பேசி முடித்தார்.

“புள்ளைய பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வருவேன். சமைப்பேன், துவைப்பேன், வீட்டத் தொடைப்பேன். எல்லாம் செய்வேன் சார். ஒண்ணே ஒண்ணு. நீங்க வீட்டுல இருக்கறப்ப நான் இருக்க மாட்டேன்.”

“ஏன்?” என்றேன்.

“உங்களக் குத்தம் சொல்லல. போன வீட்டுல அந்தம்மா ரெண்டு நாள் ஊருக்குப் போயிருந்தாங்க. நான் பாட்டுக்கு என் வேலையப் பாத்துட்டு வந்தேன். அதுக்கப்புறம் எங்க தெருவுல என்னால தலை நிமிந்து நடக்க முடியல. மறுபடி அது வேணாம்.”

சரி என்றேன். அவர் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வாண்டு என் காலுக்கு நடுவில் தலையை நீட்டி, “நீங்க யாரு?” என்றாள். “அத்தைன்னு கூப்பிடு” என்றார். என்னிடம் பேசியதைவிட இரண்டு சுருதி இறங்கிய குரல்.

இந்தக் குறிப்பில் அவர் சாயங்கால அக்கா.

பிப்ரவரி 10, திங்கள்

முதல் நாள். எட்டரைக்கு வந்து அழைப்புமணியை அழுத்திவிட்டு மாடிப்படி வளைவில் ஒதுங்கி நின்றேன். கதவு திறந்தது. அவர் பையோடு வெளியே வந்தார். “சாப்ட்டாச்சு. நகம் வெட்டிட்டேன். அழல” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் உள்ளே போனேன். சிறைக்காவலர்கள் இப்படித்தான் முறை மாற்றிக்கொள்வார்களோ என்னவோ.

வீடு வீடாக இருந்தது. வாண்டின் சாக்ஸ்கூட ஜோடி ஜோடியாக மடித்திருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சூடாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

இன்று எனக்கு விடுமுறை என்பது நேற்று இரவுதான் உறைத்தது. புதன்கிழமை மட்டும் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். “வாரத் துணியெல்லாம் புதன்லதான் சார் ஊற வைக்கணும். ஒரு நாள் சும்மா இருந்தா வேற வீட்டுல கூப்புடுவாங்க. அப்புறம் அந்த வீடே மொத்த நாளும் கேக்கும்.” பயந்துவிட்டேன்.

ஆக, என் விடுமுறையில் என் வீட்டைவிட்டு நானே வெளியேறினேன். எங்கே போவது? வாடகை கட்டுகிறவனுக்குப் போக்கிடம் இல்லை. கடைசியில் எதிரே உள்ள பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். எத்தனையோ பஸ் வந்தது, போனது. ஒரு கண்டக்டர் இறங்கி வந்து, “எங்க போகணும்?” என்று அக்கறையாகக் கேட்டார். “எங்கயும் இல்ல” என்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் எங்கள் இரண்டாம் மாடி ஜன்னலில் ஒரு சின்னத் தலை தெரிந்தது. கை ஆட்டியது. நானும் ஆட்டினேன். பின்னால் அக்கா அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு பெஞ்சு அவ்வளவு மோசமாக இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

நர்சரி டீச்சர் என்னைத் தனியாக அழைத்தார். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று வகுப்பில் கேட்டார்களாம். ஒரு குழந்தை டிரைவர் என்றதாம், ஒன்று டாக்டர் என்றதாம். வாண்டு, “எங்க அப்பாவுக்கு பஸ் ஸ்டாப்புல உக்கார்ற வேலை” என்றிருக்கிறாள். “வீட்டுல எல்லாம் சரியா இருக்கா சார்?” என்று டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இன்னும் கவலையாகிக்கொண்டே போனது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

மழை. நிறுத்தத்துக் கூரை ஒழுகுகிறது. நனைந்தேன். ஜன்னலில் அவள் கை ஆட்டினாள்.

மார்ச் 5, புதன்

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா பார்க்கலாம்.

பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் போனை வீட்டு அலமாரியில் சார்ஜில் விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. போய் எடுக்கலாம். ஆனால் மணி அடிக்க வேண்டும், அவர் வெளியே வந்து நிற்க வேண்டும், நான் போய் எடுத்து வர வேண்டும். ஒரு போனுக்காக இத்தனையா என்று இருந்துவிட்டேன்.

வழக்கமான நேரத்தில் ஜன்னலில் அக்கா தெரிந்தார். வாண்டு தெரியவில்லை. அக்கா ஒரு வெள்ளைத் துண்டை வேகமாக ஆட்டினார். ஏதோ புது விளையாட்டு என்று நினைத்தேன். வாண்டு கீழே ஒளிந்துகொண்டிருக்கிறாள், சொல்லிக் கொடுத்து ஆடுகிறார்கள் என்று — நானும் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஆட்டினேன். சிரித்துக்கொண்டே ஆட்டினேன். அவர் இன்னும் வேகமாக ஆட்டினார். நானும்தான். பக்கத்தில் இருந்தவர்கூடச் சிரித்தார்.

அப்புறம் ஜன்னலில் யாரும் இல்லை. அடுத்த நிமிடம் அவர் தெருவைக் கடந்து ஓடி வருகிறார், தோளில் வாண்டு, துண்டு முழுக்க ரத்தம்.

எனக்குக் கை காட்டத்தான் நாற்காலியில் ஏறியிருக்கிறாள். அக்கா அடுப்பை அணைக்கத் திரும்பிய நேரம். வழுக்கி ஜன்னல் விளிம்பில் முகவாய் இடித்துக் கிழிந்துவிட்டது. தையல் போட்டார்கள். கீழ்வரிசையில் ஒரு பால் பல் ஆடுகிறது. ஊருக்கெல்லாம் பல் அடுக்குகிறவன், என் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் நின்றேன்.

“போன் பண்ணேன் சார். வீட்டுக்குள்ளயே அடிச்சுது” என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார். என்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்திருந்தார். யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கைக்குட்டைய ஆட்டிட்டு உக்காந்திருந்தேனே. சிரிச்சுக்கிட்டே.

மார்ச் 6, வியாழன்

மனைவி வீடியோவில் வாண்டின் பேண்டேஜைப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். “நீங்க எங்க இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் என்றேன்.

“லீவு நாள்லயா?”

இதற்கு மேல் நான் சொன்னதெல்லாம் உண்மை. எதுவும் உண்மைபோல ஒலிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

மனைவியின் அக்கா, பெரியம்மா, வந்துவிட்டார். வாண்டுக்குப் பெரியம்மா என்பதால் எனக்கும் அப்படியே பழகிவிட்டது. பையை வைத்ததும் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மருந்துச் சீட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். நல்ல மனுஷி. அதுதான் சிக்கல். சண்டை போடத் தோதான ஆளாக இருந்தால் போட்டிருக்கலாம்.

மார்ச் 12, புதன்

வீட்டில் ஒரு பெண் இருப்பதால் நானும் இருக்கலாமாம். அக்காவே வாசலில் நின்று, “பெரியம்மா இருக்காங்கல்ல, நீங்க உள்ளயே இருங்க சார்” என்றார். என் வீட்டில் எனக்கு அனுமதி.

ஆக, முதன்முறையாக என் வீட்டின் மாலைநேரத்தைப் பார்த்தேன். அக்கா துணி மடிக்கிறார், வாண்டு சாக்ஸுக்கு ஜோடி தேடித் தருகிறாள். அக்கா காய் நறுக்குகிறார், அவள் பாத்திரத்தைத் தட்டிப் பாடுகிறாள். தப்பும் தவறுமான பாட்டு. அக்காவுக்கும் அதே தப்போடு மனப்பாடம்.

விளக்குப் போட்டதும் வாண்டு ஜன்னலுக்கு ஓடினாள். இப்போது நாற்காலி இல்லை, அக்கா தூக்கிக்கொண்டார். இருவரும் வெளியே பார்த்துக் கை ஆட்டினார்கள்.

“அப்பா இங்கதானே இருக்கேன். யாருக்குக் காட்டற?” என்றேன்.

வாண்டு என்னை ஒன்றும் தெரியாத மனிதரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அக்காதான் சொன்னார்.

“தினமும் காட்டுவா சார். புதன்னு இல்ல. நீங்க வேலைக்குப் போற நாள்லயும் அந்தப் பெஞ்சப் பாத்துக் காட்டிட்டுதான் சாப்புட உக்காருவா. காலியாத்தான் இருக்கும். அதனால என்னங்கறா.”

பெரியம்மா சமையலறையில் இருந்தார். கேட்டிருப்பார். பாத்திரச் சத்தம் நின்றது, பிறகு மறுபடி கேட்டது.

மார்ச் 13, வியாழன்

பெரியம்மா என் எதிரில் உட்கார்ந்து பேசினார். “தப்பு உங்க மேலயும் இல்ல தம்பி, அந்தப் பொண்ணு மேலயும் இல்ல. ஆனா பெத்தவன் தெருவுல உக்காந்துதான் புள்ளைய வளக்கணும்னா அது வளப்பா? இவ அம்மா வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்.”

அக்காவிடம் கேட்டேன், அந்த நிபந்தனையை விட்டுவிட முடியுமா என்று. அழுதார். “உங்களுக்கு என்ன சார், நீங்க ஆம்பள” என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

முதலாளியிடம் போனேன். காலை ஷிப்ட் ஒன்றாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். “உனக்கு ஒண்ணு குடுத்தா எல்லாரும் கேப்பாங்களே” என்றார். எல்லோருக்கும் கொடுத்தால்தான் என்ன என்று படியிறங்கும்போது தோன்றியது.

மனைவியிடம், “முடியலம்மா” என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவளும் அழுதிருப்பாள். பக்கத்தில் யாரோ ஒரு கிழவர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். போக வேண்டியிருந்தது, போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

லேபில் அரைநாள் லீவு கேட்டு வாங்கினேன். மாலை பஸ். அதே நிறுத்தம்.

வாண்டுக்குக் குஷி, ஜன்னலோர சீட். பெரியம்மா, “கவலப்படாதீங்க தம்பி” என்றார். பஸ் கிளம்பும்போது வாண்டு என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்து, “அத்தை டாட்டா காட்டறாங்க” என்று கத்தினாள். திரும்பினேன். ஜன்னலில் அக்கா தனியாக நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். பஸ் தெருமுனை திரும்பிப் போன பிறகும் ஆட்டினார்.

வீட்டில் இப்போது வேறு பெண் இல்லை. ஆகவே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன், அவர் வேலை முடித்து இறங்கி வரும்வரை. சாவியைக் கொடுத்தார்.

“சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். பழக்கத்துல அவளுக்கும் சேத்து வெச்சுட்டேன்.” இரண்டடி போய்த் திரும்பினார். “திங்கக்கெழம வரணுமா சார்?”

சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவருக்கே புரிந்தது.

மார்ச் 17, திங்கள்

சாக்ஸ் ஒன்று கிடைத்தது. ஜோடி இல்லை.

மார்ச் 26, புதன்

மளிகைக்கடைக்காரர் சொன்னார், அக்காவுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டதாம். பாட்டி ஒருத்தர் கூடவே இருக்கிற வீடாம். நல்லது.

மாலையில் வாண்டு கூப்பிட்டாள். தையல் பிரித்தாயிற்று, பல் விழுந்துவிட்டது, பெரியம்மா அதை டப்பாவில் வைத்திருக்கிறார். எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பா, இங்க ஜன்னல்லேருந்து பாத்தா பஸ் ஸ்டாப்பே இல்லப்பா. நீ எங்க உக்காருவ?”

“வேற என்ன தெரியுது?”

“ஒரு செவுரு. அதுக்கு மேல ஒரு பூனை.”

“அந்தச் செவுத்துமேலதான் பூனைக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். பாரு.”

பார்த்திருப்பாள் போல. “காட்டிட்டேன். நீ காட்டினியா?”

“காட்டினேன்” என்றேன். பொய்யில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு கையைத் தூக்கி ஆட்டினேன். வந்து நின்ற பஸ்ஸின் டிரைவர் எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார். ஏறவில்லை என்று தலையாட்டிவிட்டுப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.