நீ ‘அண்ணே’ என்று கூப்பிட்ட மனிதர்

அக்கா,

நேற்று அலோர்காஜாவிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வழியில் ஏறிய ஒரு பெரியவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார். அவர்மீது கற்பூரம் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வாசம். முட்டிவலிக்குத் தடவியிருப்பார், வேறொன்றுமில்லை. ஆனாலும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. புலாவ் செபாங் வருவதற்கு முன்பே இறங்கி, மீதித் தூரத்தை வெயிலில் நடந்தே வந்தேன்.

குஸ்திக் கூடாரம் முழுக்க அந்த வாசம்தான் அன்று. உனக்கும் ஞாபகம் இருக்கும். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகும் உன்னிடம் இப்படித்தான் பேசுகிறேன், நீ கேட்டுக்கொண்டிருப்பதுபோல.

உன் அண்ணன் இந்த ரப்பர் தோட்டத்தை விட்டு ஓடியபோது நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியாக உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். கை ஓங்கிய கங்காணியின் கையை முறுக்கிவிட்டார். போலீஸ் வருவதற்குள் காட்டு வழியாகப் போய்விட்டார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. தம்பினில் வெற்றிலை விற்கிறவர்தான், சிங்கப்பூரில் ஒரு குஸ்திக் கூட்டத்தோடு அவரைப் பார்த்ததாகச் சொன்னார். அந்த ஒரு சொல்லை நீ விடவே இல்லை.

மலாக்காப் பட்டணத்தில் பெரிய குஸ்தி நடக்கப்போகிறதென்று தெரிந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோட்டத்து ஆண்கள் லோரி பேசி வைத்தார்கள். நீயும் வருகிறேன் என்றாய்.

“குஸ்தி என்ன பொம்பளைங்க பாக்குற ஆட்டமாக்கா?” என்று அவர் சிரித்தார்.

“நான் ஆட்டம் பாக்க வரல தம்பி. ஆளப் பாக்க வர்றேன்” என்றாய்.

உனக்குத் துணை என்ற பெயரில் எனக்கும் லோரியில் இடம் கிடைத்தது.

கடலோரத் திடலில் போட்டிருந்த அந்தக் கூடாரத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் துணியைத் துளைத்துக்கொண்டு மஞ்சளாக உள்ளே இறங்கியது. சீனர், மலாய்க்காரர், பஞ்சாபியர், நம்மவர் எல்லோரும் ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கயிறு கட்டிய மேடை. முதல் இரண்டு சண்டைகளில் நான் உன்னைக்கூட மறந்துவிட்டேன். மலை மாதிரி இருந்த ஒரு வெள்ளைக்காரனை ஒல்லியான ஜப்பான்காரர் தோளுக்குமேல் தூக்கிச் சுழற்றியபோது நானும் எழுந்து நின்று கத்தினேன். தோட்டத்தில் அப்படி வாய்விட்டுக் கத்த எனக்கு எப்போது வாய்த்தது?

பிறகு அவர் வந்தார். கறுப்புத் துணி முகமூடி, கண்ணுக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. பாரசீக தேசத்து வீரர், இதுவரை தோற்றதே இல்லை, தோற்றால்தான் முகமூடியைக் கழற்றுவார் என்று மலாயிலும் தமிழிலும் கூவினார்கள். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“அந்த நடையப் பாரு. இடது தோள் முன்னால போகுது பாரு.”

“எல்லாரும் அப்படித்தான்க்கா நடப்பாங்க.”

மேடை ஏறுமுன் அவர் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“பாரசீகத்தான் மண்ணத் தொட்டுக் கும்பிடுவானா?” என்றாய்.

அவரை எதிர்த்தவர் கழுத்தே இல்லாத ஒரு முரடர். சண்டை வெகுநேரம் நீண்டது. முகமூடிக்காரர் கை மேலோங்கியிருந்தது. உன் பிடியில் என் கை மரத்துப்போயிற்று. திடீரென்று பலகைமேல் ஏறி நின்றாய். அந்த ஆண்களின் இரைச்சலுக்கு மேலே ஒற்றைப் பெண்குரலாக எழுந்தது உன் கூச்சல்.

“அண்ணே!”

அவர் திரும்பினார். கூட்டத்துக்குள் யாரையோ தேடுகிறவர்போல முகத்தைத் தூக்கி நம் பக்கம் பார்த்தார். அந்த ஒரு கணம் போதுமாயிருந்தது. எதிராளி இடுப்பைப் பிடித்துத் தூக்கித் தலைகீழாக எறிந்தார். கழுத்து மடங்க விழுந்தவர் எழவில்லை.

கூட்டம் ஆரவாரித்தது. “சும்மா நடிக்கிறான்லா, எந்திரிப்பான் பாரு” என்றார் என் வீட்டுக்காரர். முகமூடிக்காரர் எழவில்லை. பலகையில் போட்டுப் பின்பக்கம் தூக்கிப் போனார்கள். சுற்றிலும் எல்லோரும் காலால் பலகையைத் தட்டிக்கொண்டு “புக்கா! புக்கா!” என்று கத்தத் தொடங்கினார்கள். முகமூடியைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள்.

நீ அதற்குள் ஓடிவிட்டிருந்தாய். நான் உன் பின்னால் வந்தேன். பின்வாசலில் நின்ற மலாய்க்காரர் கையை விரித்து, “தா போலே, தா போலே” என்று மறித்தார். நீ நெஞ்சில் கைவைத்து, “என் அண்ணன். என் அண்ணன்” என்றாய். அவருக்குத் தமிழ் தெரியாது. உன் முகத்தைப் பார்த்தார், கையை இறக்கிவிட்டார்.

பாயில் கிடந்தவரின் முகமூடியை யாரும் தொடவில்லை. டாக்டருக்கு ஆள் போயிருப்பதாகச் சொன்னார்கள். நீ அவர் தலைமாட்டில் உட்கார்ந்து பின்கழுத்து முடிச்சை மெதுவாக அவிழ்த்தாய். வெளியே இன்னும் “புக்கா! புக்கா!” கேட்டுக்கொண்டிருந்தது. துணியை உருவினாய்.

உன் அண்ணன் இல்லை.

கன்னமெல்லாம் அம்மைத் தழும்பு. வலது புருவத்தை இரண்டாகப் பிரித்த ஒரு பழைய வெட்டு. நரை கலந்த மீசை. நம்மவர்தான், ஆனால் நாம் ஒருநாளும் பார்த்திராத முகம். நீ துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாய். எழுந்து வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அப்போது அவர் கண் திறந்தார்.

“தங்கச்சியா கூப்பிட்ட?”

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு அவர் நெற்றியில் கை வைத்தாய்.

“ஆமாண்ணே. நான்தான்.”

“அம்மா?”

“நல்லா இருக்காங்கண்ணே. உன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க.”

அவர் உதடு ஏதோ சொல்ல முயன்றது. கேட்கவில்லை. டாக்டர் வந்தபோது நீ அந்தக் கண்களை மூடிவிட்டிருந்தாய். வெளியே அடுத்த சண்டைக்கு மணி அடித்தார்கள்.

குஸ்திக் கூட்டத்தை நடத்தியவருக்கு அவர் ஊரும் தெரியவில்லை, உண்மைப் பெயரும் தெரியவில்லை. ஜொகூர்ப் பக்கத்தில் கூட்டத்தோடு வந்து சேர்ந்தவன் என்றார். மறுநாள் சுடுகாட்டில் நீதான் மாரடித்து அழுதாய். நீ கேட்டதும் என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் கொள்ளி வைத்தார். அவர் இன்னமும் குஸ்தி பார்க்கப் போகிறார், அக்கா. முகமூடி போட்டவர் மேடை ஏறினால் மட்டும் வெளியே வந்து சுருட்டுப் பற்றவைத்துக்கொள்கிறாராம்.

நீ மாறிப்போனாய். பால்மரக் காட்டில் ஒருவரையொருவர் கூவித்தான் கூப்பிடுவோம். நீ கூவுவதை விட்டாய். யாரிடம் பேச வேண்டுமென்றாலும் மரங்களுக்கிடையே நடந்து பக்கத்தில் போய் நின்றாய். ஒருநாள் பால் வாளியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாய்:

“நான் கூப்பிடலன்னா திரும்பியிருக்க மாட்டாருல்ல?”

நான் உன் வாளியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

உன் அண்ணன் வரவே இல்லை. காய்ச்சலில் கிடந்தபோது நீ அவரைப் பற்றிக் கேட்கவில்லை. “அந்தப் புருவத்து வெட்ட மறந்துடாத” என்று மட்டும் சொன்னாய். பிதற்றல் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குப் புரிந்தது. எங்கேயோ ஒரு தங்கை இருக்கிறாள். அவளுக்குச் சொல்ல அந்த முகம் நம் இருவரிடம்தான் இருந்தது. இப்போது என்னிடம் மட்டும்.

அதனால் கோயிலில், ரயில் நிலையத்தில், கல்யாண வீட்டில் பெண்களிடம் கேட்கிறேன். போனமாதம் பெம்பானில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்தவள், தன் அண்ணன் ஜொகூருக்குப் போய்த் திரும்பவில்லை என்றாள். தழும்பைச் சொன்னேன், வெட்டைச் சொன்னேன்.

“இல்லக்கா. எங்க அண்ணனுக்கு அம்மையே போட்டதில்ல” என்று பெருமூச்சு விட்டாள். எழுந்து கை கழுவப் போனவள் பாதியில் திரும்பி வந்தாள்.

“அந்த ஆளு சாகுறப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?”

“இருந்தாங்க” என்றேன். “அவரு தங்கச்சி இருந்தாங்க.”