மார்பளவு

கண்ணாடிக் கடையிலிருந்து உங்கள் படம் இன்று வந்தது. வீடெல்லாம் வார்னிஷ் வாசனை. காகிதத்தைப் பிரித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எடுத்துக்கொண்ட முழுப்படத்தை நம் மகன் மார்போடு நிறுத்திப் பெரிதாக்கியிருக்கிறான். "சுவத்துல மாட்ட மார்பளவுதாம்மா லட்சணம்" என்கிறான். அந்தச் சொல்லோடு எனக்குள்ள பழைய பகை அவனுக்கு எங்கே தெரியும்?

அறுபதுகளில் நம் பக்கம் மாப்பிள்ளை படம் என்றாலே மார்பளவுதான். சீவிய தலை, சட்டைக் காலர், பையில் செருகிய பேனா, அவ்வளவு தெரியும். மிச்சத்தை நம்பிக்கொள்ள வேண்டியது. கோட்டையூரிலிருந்து உங்கள் படமும் அப்படித்தான் காரைக்குடிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தது. அப்பாவுக்குப் பிடித்துப்போனது. நானோ தெருவே நெட்டச்சி என்று கூப்பிட்ட பெண். அதுவரை பார்க்க வந்தவர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு, "பொண்ணு கொஞ்சம் குனிஞ்சு நடந்தா தேவலை" என்று போனவர்கள். இதுவும் நேரில் பார்த்துத் தட்டிப்போனால் தாங்க மாட்டேன் என்று பயந்தேன். "முழுப்படம் அனுப்பச் சொல்லுங்கப்பா" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

முழுப்படமும் வந்தது. பூந்தொட்டிக்குப் பக்கத்தில், வேட்டி தரையைத் தொட, விறைப்பாக நின்றீர்கள். "நல்ல வளத்தி, உனக்கேத்த சோடி" என்று அப்பா பூரித்துப்போனார். வேட்டிக் கரைக்குக் கீழே எட்டிப் பார்த்த செங்கல் முனை என் கண்ணில் மட்டும்தான் பட்டது. நான் நெட்டை என்று யாரோ உங்கள் காதில் போட்டிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு சரி என்றேன்.

பிள்ளையார்பட்டிக் கோயிலில் பெண் பார்க்க வந்தீர்கள். ஏறி நின்ற படியை விட்டு இறங்கவே இல்லை. "எல்லாரும் முன்னாடி போங்க, நான் வாரேன்" என்று தூணைப் பிடித்துக்கொண்டீர்கள். மற்றவர்கள் நகர்ந்ததும் மெல்லச் சொன்னேன்: "செங்கலை அப்பவே பாத்துட்டேன். இறங்கி வாங்க."

உங்கள் முகத்தில் ஈயாடவில்லை. "தெரிஞ்சுதான் சரின்னீகளா?"

"வந்தவுக எல்லாம் என்னையக் குனியச் சொன்னாக. நீங்க ஒருத்தருதான் ஏறி நின்னீக."

இறங்கி வந்தீர்கள். என் தோளுக்குத்தான் இருந்தீர்கள். அதற்கப்புறம் நான் ஒருநாளும் குனிந்து நடக்கவில்லை.

முழுசாகப் போட்டுத் தரச் சொல்லிப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. சுவரில் பாதி ஆளாக நீங்கள் இருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. படத்துக்குப் போட மருமகள் நீளமாக மாலை கட்டிக்கொண்டிருக்கிறாள். குட்டையாகவே கட்டச் சொல்லியிருக்கிறேன். செங்கல் மறையக் கூடாது.